ஜபமாலை: பொருளும் பேணும் முறையும்

ஊரைவிட்டு நெடுந்தொலைவு வந்து வாழும் நம்மவர் பலருடைய பூசையறையில், தந்தையாரோ பாட்டனாரோ உருட்டிய ஜபமாலை ஒன்று சிறு பெட்டிக்குள் இருக்கக் காணலாம். தில்லியில் நமக்குத் தெரிந்த அம்மையார் ஒருவர் வீட்டிலும் அத்தகைய உருத்திராட்ச மாலை ஒன்று இருந்தது. கும்பகோணத்திலிருந்து அவருடைய கணவர் கொண்டுவந்தது அது. கணவர் மறைந்த பின் அம்மையாரே அதை நாள்தோறும் உருட்டி வந்தார். ஒரு மார்கழிக் காலையில் நூல் இற்று, மணிகள் தரையெங்கும் சிதறின. தேடியெடுத்து எண்ணியபோது, நாயகமணி நீங்கலாக 107 மணிகளே கிடைத்தன.

பின்னர் ஹரித்துவாரம் சென்றிருந்தபோது, கடைக்காரர் ஒருவர், "அறுந்த மாலைக்குச் சக்தி இல்லை; அதைக் கங்கையில் விட்டுவிட்டு இந்த ஒருமுக மணியை வாங்கிக்கொள்ளுங்கள்" என்று கூறிப் பெருந்தொகை கேட்டாராம். அம்மையார் வாங்காமல் திரும்பிவிட்டார். ஆனால் மனம் ஆறவில்லை. "நாலு எழுத்துப் படித்தவர் நீங்கள், சொல்லுங்கள் தம்பி. இத்தனை நாள் நான் உருட்டியது இனி வெறும் கொட்டைதானா?" என்று நம்மிடம் கேட்டார். அவருக்கு நாம் கூறிய விடையையே இங்குச் சற்று விரித்துரைக்கிறோம்.

முதலில், மாலை எதற்கு? மனம் ஓரிடத்தில் நில்லாதது. நாவு நாமத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நினைவு கடைத்தெருவுக்குப் போய்விடும். விரலில் ஒரு மணி நகரும்போது அந்த நினைவு திரும்ப அழைக்கப்படுகிறது. வாய்விட்டுச் சொல்வது வாசிகம், உதடு மட்டும் அசைவது உபாம்சு, உள்ளத்துக்குள்ளேயே நிகழ்வது மானசம் என ஜபத்தை மூவகையாகப் பெரியோர் பிரிப்பர். ஒன்றினும் ஒன்று உயர்ந்தது என்பது அவர் கொள்கை. மாலை இம்மூன்றுக்கும் துணை நிற்பது, அதுவே ஜபமாகிவிடாது.

மணிகளை நடுவிரலின் மேல் தாங்கிக் கட்டைவிரலால் தள்ளுவது மரபு. சுட்டுவிரல் படலாகாது என்பர். பிறரைச் சுட்டிக் குறைகூறும் விரல் அது என்று அதற்குப் பொருள் சொல்வதுண்டு. மாலையின் தலைமணியை மேரு என்றும் நாயகமணி என்றும் வழங்குவர். அதனைத் தாண்டாமல் மாலையைத் திருப்பி, வந்த வழியே மீண்டும் தொடங்குவர். வடநாட்டார் பலர் கோமுகி என்னும் துணிப்பைக்குள் கைவிட்டு ஜபிப்பதை நேயர்கள் கண்டிருப்பர். செய்யும் ஜபம் பிறர் கண்ணுக்குக் காட்சியாகக் கூடாது என்பதே அதன் கருத்து.

மணிகள் 108 என்பதற்குக் காரணம் பல கூறுவர். 27 நட்சத்திரங்களுக்கு நான்கு பாதங்கள் வீதம் 108. 12 இராசிகளை ஒன்பது கோள்களால் பெருக்கினாலும் 108. 54 மணிகளும் 27 மணிகளும் கொண்ட மாலைகளும் வழக்கில் உள்ளன. 108 உருவை நூறு என்றே கணக்கிட்டு, எஞ்சிய எட்டை இடையில் நேரும் பிழைகளுக்கு விட்டுவிடுவோரும் உண்டு. மனிதன் தவறுவான் என்பதை மரபே எண்ணிப் பார்த்து இடம் வைத்திருக்கிறது. ஆகவே, ஒரு மணி குறைந்ததால் மாலை பயனற்றுப்போயிற்று என்பதற்கு இடமேயில்லை. குறைந்த மணியைச் சேர்த்துக் கோத்துக்கொள்ளலாம்.

உருத்திராட்சம் என்ற சொல்லுக்கு உருத்திரனின் கண் என்று பொருள். சிவபெருமான் கண்ணிலிருந்து சிந்திய நீரே இம்மரமாயிற்று என்பது புராணம். தமிழில் இதனைக் கண்மணி, கண்டிகை, அக்கமணி என்றெல்லாம் வழங்குவர். சைவர் போற்றும் சாதனங்கள் திருநீறு, கண்டிகை, திருவைந்தெழுத்து என்னும் மூன்று. வைணவர்க்குத் துளசிமணியும் தாமரைமணியும் உரியவை. விருந்தாவனத்தில் துளசித் தண்டைக் கடைந்து மணியாக்குவதை இன்றும் காணலாம்.

உருத்திராட்ச மரம் நேபாள மலைப்பகுதியிலும் இமயத்தின் அடிவாரத்திலும் சாவகத் தீவிலும் வளர்கிறது. அதன் பழம் நீலநிறமானது. சதையை ஊறவைத்து நீக்கினால் உள்ளிருக்கும் கொட்டையே மணி. அதன்மேல் உள்ள பிளவுக் கோடுகளே முகங்கள். உள்ளே உள்ள விதையறைகளின் எண்ணிக்கையை ஒட்டி அவை அமைகின்றன. ஐந்துமுகம் மிகுதியாக விளைவதால் விலை குறைவு. விலை குறைந்ததனால் சிறப்புக் குறைந்ததென்று எண்ண வேண்டா. ஒருமுகம் மிக அரிது; அதனாலேயே அதில் மோசடியும் மிகுதி. கோடுகளைச் செதுக்கியும் மறைத்தும் விற்பாருண்டு. நீரில் மூழ்கினால் நல்ல மணி, செப்புக் காசுகளுக்கிடையே சுழன்றால் நல்ல மணி என்னும் சோதனைகளை நம்புவதற்கில்லை. உலர்ந்த நல்ல மணி மிதக்கவும் கூடும். போலிமணி மூழ்கவும் கூடும். எக்ஸ்ரே படத்தில் விதையறைகளை எண்ணிப் பார்ப்பதே தக்க சோதனை.

இனி, பேணும் முறை. உருத்திராட்சத்தின் பள்ளங்களில் வியர்வையும் அழுக்கும் படியும். சோப்பு வேண்டா. அவ்வப்போது வெதுவெதுப்பான நீரில் நனைத்து, மென்மையான தூரிகையால் தேய்த்து, நிழலில் நன்கு உலர்த்தி, பஞ்சில் தொட்ட நல்லெண்ணெயைச் சிறிதளவு பூசித் துடைத்தல் வேண்டும். தில்லியின் வறண்ட குளிரில் மணி வெடிக்காமல் இருக்க இவ்வெண்ணெய் உதவும். பம்பாய், கல்கத்தா போன்ற ஈரமிகுந்த நகரங்களில் மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கக்கூடும். அங்கு மூடிய பெட்டியைவிடக் காற்றோட்டமான துணிப்பையே நல்லது. துளசிமணியை நீரில் ஊறவிடக் கூடாது. உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். சந்தனமணியும் அவ்வாறே. ஸ்படிகம் கல்லாதலால் நீரில் கழுவலாம். எனினும் கீழே விழுந்தால் விளிம்பு உடையும். எந்த மாலையாயினும் நூலே முதலில் நைவது. ஆண்டுக்கொரு முறை அதைப் பார்த்து, இற்றிருந்தால் மாற்றிவிட வேண்டும். மணிக்கு மணி முடிச்சிட்டுக் கோத்தால், நூல் அறுந்தாலும் மணிகள் சிதறா. வடநாட்டுக் கடைத்தெருக்களில் பட்வா எனப்படும் நூல் கோப்போர் இதனைச் செம்மையாகச் செய்து தருவர்.

அம்மையாரின் மாலையும் அவ்வாறே ஒரு பட்வாவிடம் சென்றது. எளிய ஐந்துமுக மணி ஒன்றைச் சேர்த்து, சிவப்புப் பட்டுநூலில் கோத்துக் கொடுத்தார் அவர். கருத்த பழைய மணிகளுக்கிடையே புதியது மட்டும் வெளிறித் தெரிந்தது. "இது தனியாகத் தெரிகிறதே!" என்றார் அம்மையார். கை படப் பட அதுவும் கருக்கும் என்றோம். மறுநாள் முதல் அவர் ஜபத்தைத் தொடர்ந்தார். பள்ளிக்குப் புறப்படும் பேரன் அருகில் வந்து, புது மணி எது என்று தேடித் தொட்டுப் பார்ப்பதும் அந்த வீட்டில் வழக்கமாயிற்று.