ஒற்றை ஹீரோ வந்தால் ஒழியுமா கள்ளச்சாராயம்? - கள்ளக்குறிச்சி சொல்லும் நிஜக் கதை

ஊர், பேர் தெரியாத ஒருவன் நகரத்துக்குள் நுழைகிறான். அங்கே இரண்டு ரவுடி கும்பல்கள். இரண்டையும் மோதவிட்டு முடித்துவிட்டு, வந்த வழியே போய்விடுகிறான். 1961-ல் அகிரா குரோசாவா எடுத்த ‘யோஜிம்போ’ படத்தின் கதை இது. நம்ம ஊர் மாஸ் படங்களுக்கும் பழக்கப்பட்ட ரூட்தான். அந்தப் படத்தில் ஒரு கும்பலுக்குப் பின்னால் பட்டு வியாபாரி, இன்னொன்றுக்குப் பின்னால் மது காய்ச்சும் முதலாளி. படத்தில் எதிரி யார் என்று தெரிகிறது. கள்ளக்குறிச்சியில்?

2024 ஜூனில் நடந்தது என்ன?

கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் ஜூன் 18 முதல் அடுத்தடுத்து மயங்கி விழுந்தனர். 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலோர் தினக்கூலிகள். மாவட்ட ஆட்சியர் மாற்றப்பட்டார், எஸ்.பி. சஸ்பெண்ட் செய்யப்பட்டார்.

கொன்றது மலைச் சாராயமா?

கல்வராயன் மலை என்றாலே வெல்லமும் வேலம்பட்டையும் போட்ட ஊறல்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால், கருணாபுரத்தில் உயிரைப் பறித்தது மெத்தனால். பெயின்ட், ரசாயனத் தொழிற்சாலைகளுக்கான திரவம் அது. உடலுக்குள் போனதும் ஃபார்மிக் அமிலமாக மாறி, முதலில் பார்வை நரம்பைத் தாக்கும். பாதிப்பு தெரியவே பல மணி நேரம் ஆகலாம். ‘ஒன்னும் ஆகலையே’ என்று மேலும் குடிப்பவர்கள் அதனால்தான் அதிகம் சிக்குகிறார்கள். கண் மங்கல், வயிற்றுவலி, வாந்தி வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

யாரைப் பிடிப்பது?

பாக்கெட் விற்பவர், அவருக்குக் கொடுத்தவர், மெத்தனால் வாங்கியவர், அதை வெளியே விட்டவர், கண்டும் காணாமல் இருந்தவர் என இது ஒரு சங்கிலி. ஒரு கண்ணியை அறுத்தால் வேறொருவர் அந்த இடத்துக்கு வந்துவிடுவார். 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டு பகுதிகளிலும் மெத்தனால்தான் கொன்றது. அடுத்த ஆண்டே கருணாபுரம். வழக்கை முதலில் சிபிசிஐடி விசாரித்தது. 2024 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை சிபிஐக்கு மாற்றியது. மரணம் நேர்ந்தால் ஆயுள் தண்டனை, ரூ.10 லட்சத்துக்குக் குறையாத அபராதம் என மதுவிலக்குச் சட்டமும் திருத்தப்பட்டது.

சட்டம் மட்டும் போதுமா?

கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த பகுதி. நாடு சுதந்திரம் பெற்று 29 ஆண்டுகள் கழித்தே அந்த மக்கள் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தனர். அவர்களின் வாழ்நிலை குறித்து 2024 ஜூலையில் உயர் நீதிமன்றமே தாமாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலை, பள்ளி, மருத்துவமனை, நிலையான வருமானம் ஆகியவை எட்டாத இடத்தில் ஊறல் பானையை உடைப்பது சுலபம். அடுத்த பானை வைக்காமல் தடுப்பதுதான் கஷ்டம்.

சினிமா ஹீரோ ஒரே ராத்திரியில் ஊரைத் திருத்திவிட்டுக் கிளம்பிவிடலாம். கள்ளக்குறிச்சிக்குத் தேவை, வந்துவிட்டுப் போகிறவர் அல்ல. அங்கேயே இருந்து வேலை பார்க்கும் நிர்வாகம்.