டச்-அப் பெயிண்ட் கெட்டியாயிடுச்சா? முதல்ல டூத்பிக் டெஸ்ட்!

தொப்பூர் கணவாய் இறங்கி ஓமலூர் வரைக்கும் லாரிகளுக்குப் பின்னாடியே கார் ஓட்டினா, பானெட்டில் கல் தெறிச்ச புள்ளி விழாம இருக்காது. இரும்பு வெளியே தெரியுற அளவுக்கு பெயிண்ட் போயிருந்தா, துரு அங்க ஆரம்பிச்சு பக்கத்துல நல்லா இருக்கிற பெயிண்டுக்கு அடியிலயும் பரவும். அவசரமா டேஷ்போர்டைத் திறந்து பழைய டச்-அப் பாட்டிலை எடுத்தா, உள்ளே அல்வா மாதிரி இருக்கும்.

தின்னர் ஊத்துறதுக்கு முன்னாடி ஒரே கேள்வி: பெயிண்ட் காய்ஞ்சு கெட்டியாச்சா, இல்ல ரியாக்ஷன் ஆகிக் கெட்டியாச்சா?

முதல் வருஷ கெமிஸ்ட்ரியில தெர்மோபிளாஸ்டிக், தெர்மோசெட் படிச்சோமே, கிட்டத்தட்ட அதே கதைதான். லாக்கர் வகை பெயிண்டில் சால்வென்ட் மட்டும் ஆவியாகும். திரும்ப சேர்த்தா கரையும். 1920களில் டூபான்ட் கம்பெனி கொண்டுவந்த 'டியூகோ' இந்த வகைதான். வாரக்கணக்கில் இழுத்த கார் பெயிண்டிங் வேலையை அது ரொம்பவே சுருக்கிடுச்சு. நம்ம ஊர் பெயின்டர்கள் இன்னிக்கும் 'டியூகோ பெயிண்டிங்'னு சொல்றது அந்தப் பேரைத்தான். ஆனா ஹார்டனர் கலந்த 2கே பெயிண்டில் மூலக்கூறுகள் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கும். கெட்டியான மாவைத் தண்ணி விட்டுக் கரைக்கலாம். வெந்த இட்லியை மறுபடி மாவாக்க முடியுமா?

எது என்னன்னு எப்படித் தெரியும்? மூடி ஓரத்துல காய்ஞ்ச பெயிண்ட் மேல, டூத்பிக்கால ஒரு சொட்டு தின்னர் வைங்க. ரெண்டு நிமிஷத்துல இளகி கலர் ஒட்டினா காப்பாத்தலாம். ரப்பர் மாதிரி சுருங்கினாலோ அப்படியே இருந்தாலோ, புதுசு வாங்குங்க.

காப்பாத்தலாம்னு தெரிஞ்சா:

1. லேபிள்ல சொன்ன தின்னரையே எடுங்க. பெட்ரோல், மண்ணெண்ணெய் வேண்டாம். அதுல ரெசின் சரியா கரையாது, பால் மாதிரி திரிஞ்சு போகும். வாட்டர்-பேஸ்டு பெயிண்ட்னா தின்னரே ஆகாது.

2. ஊசி கழட்டின சிரிஞ்சால ரெண்டு மூணு சொட்டு விட்டு, நல்லா கலக்கி, பத்து நிமிஷம் விடுங்க. தேன் மாதிரி நூல் இழுக்காம, நல்லெண்ணெய் மாதிரி சொட்டுற வரைக்கும் இதையே திருப்பிச் செய்யுங்க. ஒரேயடியா ஊத்தினா கலர் வெளுத்து வழியும்.

3. மெட்டாலிக் கலர்னா அடியில அலுமினியத் துகள் படிஞ்சிருக்கும். அடிவரைக்கும் கிளறலைன்னா ஷேடு மாறிடும்.

4. கட்டி இருந்தா பழைய நைலான் சாக்ஸில் வடிகட்டுங்க. பழைய தகரத்தில் தடவி, காய்ஞ்சதும் கலர் பாருங்க. அப்புறம்தான் கார்.

புள்ளியில் துரு இருந்தா எமரி ஷீட்டால மெதுவா தேய்ச்சு எடுத்துட்டு, மெல்லிசா ரெண்டு மூணு கோட் வைங்க. ஒவ்வொரு கோட்டும் காயணும்.

தின்னர் ஆவி சட்டுனு தீப்பிடிக்கும். ஹாஸ்டல் ரூமுக்குள்ள வேண்டாம், மொட்டை மாடிக்குப் போங்க. மிச்சத்தை சிங்க்கில் ஊத்தாதீங்க.

கடைசியா, பாட்டில் வாயைத் துடைச்சு இறுக்கமா மூடி, வீட்டுக்குள்ள நிழல்ல வைங்க. சித்திரை வெயில்ல நிக்கிற காரோட டேஷ்போர்டுதான் பெயிண்டை அல்வாவாக்குற அடுப்பு!