சாண்ட் பிளாஸ்டிங்: சாண்ட் மட்டும் வேண்டாம்!

பழைய ஆர்எக்ஸ் 100 ஒண்ணைப் பிரிச்சுப் போட்டாச்சு. சேஸிஸ் முழுக்கத் துரு, இன்ஜின் கவர்ல கறை. எமரி ஷீட் தேய்ச்சுக் கை ஓய்ஞ்சதும் அடுத்து வர்ற ஐடியா சாண்ட் பிளாஸ்டிங்தான். கன் ஆன்லைன்ல மலிவா கிடைக்குது. மணல் பக்கத்துத் தெருவுல வீடு கட்டுற இடத்துலயே இருக்கு. பேர்லயே 'சாண்ட்' இருக்கே, அள்ளிப் போட்டா என்ன?

ஆற்று மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா. வேகமாக உலோகத்தில் மோதும்போது மணல் உடைந்து, கண்ணுக்கே தெரியாத தூளாகிறது. சில மைக்ரான் அளவுள்ள அந்தத் தூள் நுரையீரலின் காற்றுப்பை வரை போய்த் தங்கிடும். அதைச் சுற்றித் தழும்பு வளரும். இதுதான் சிலிக்கோசிஸ். வந்தால் குணமாக்க மருந்து கிடையாது. பிரிட்டன் 1949-லேயே வார்ப்புகளை மணல் ஊதிச் சுத்தம் பண்றதைத் தடை பண்ணிடுச்சு. துருக்கியில் ஜீன்ஸை வெளுத்த மாதிரி காட்ட மணல் ஊதின இளைஞர்கள் பலருக்கு இதே நோய் வந்தது. 2009-ல் அங்கேயும் தடை. கைக்குட்டை, சர்ஜிக்கல் மாஸ்க் எதுவும் இந்தத் தூளை நிறுத்தாது. எம்-சாண்ட்? அது கருங்கல் உடைச்ச தூள், அதுலயும் குவார்ட்ஸ் இருக்கு.

அப்போ எதை ஊதுறது? பார்ட் என்ன உலோகம்னு முதல்ல பாருங்க.

சேஸிஸ், ஸ்டாண்ட், ஸ்விங் ஆர்ம் மாதிரி கனமான இரும்புக்கு அலுமினியம் ஆக்ஸைடு. மோஸ் அளவில் கடினம் 9. துருவைச் சீவி எடுத்து, பெயின்ட் பிடிக்கிற சொரசொரப்பும் தரும். விலை கூடத்தான், ஆனா சலிச்சுத் திரும்பத் திரும்பப் போடலாம். கார்னெட்டும் நல்ல சாய்ஸ். நம்ம தென்கோடிக் கடற்கரை மணல்ல கிடைக்கிற அதே கனிமம்தான். வாங்கும்போது மூட்டையில் சிலிக்கா அளவு 1 சதவீதத்துக்குக் கீழேயான்னு பாருங்க.

அலுமினியம் இன்ஜின் கவருக்குக் கண்ணாடி மணி, அதான் கிளாஸ் பீட். உருண்டையா இருக்கறதால வெட்டாது, தட்டி மினுமினுப்பு கொடுக்கும். 50 பிஎஸ்ஐ போதும். இரும்புக்கு ஊதின மீடியாவை இதுக்குப் போடாதீங்க. ஒட்டிக்கிற இரும்புத் துகள் பின்னாடி துருப்புள்ளியா வரும்.

கார்புரேட்டர்கிட்ட மட்டும் கிளாஸ் பீட் வேண்டவே வேண்டாம். ஜெட் துளையில் ஒரு மணி மாட்டினா வண்டி திணறும். கிராங்க் கேஸ் எண்ணெய்த் துளையில் மாட்டினா பேரிங்கே போச்சு. அங்கே சோடா சரி. தண்ணீரில் கரைஞ்சிடும், மெல்லிய டேங்க் தகட்டையும் வளைக்காது. ஆனா துருவை எடுக்காது, பெயின்ட் மட்டும்தான் உரியும். பெயின்ட் அடிக்கும் முன்னாடி நல்லா கழுவணும்; உப்பு தங்கினா பிரைமர் பிடிக்காது.

எந்த மீடியாவானாலும் பழைய பெயின்ட் தூள்ல ஈயம் இருக்கலாம். மூடின கேபினெட்டும் பி100 ஃபில்டர் போட்ட ரெஸ்பிரேட்டரும் அவசியம். கம்ப்ரஸர் லைன்ல தண்ணி வடிகட்டி இல்லேன்னா மீடியா கட்டிதட்டி நாசில் அடைச்சுக்கும். முடிச்ச இரும்பை வெறுங்கையால் தொடாம அன்னிக்கே பிரைமர் அடிச்சிடுங்க. சென்னைக் காத்துல ராத்திரி தாண்டினாலே மறுபடி செம்மண் நிறம் ஏறிடும்.