சிவப்பு ஒயினின் இரவல் புகழ்

1991 நவம்பரில் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி, 'சிக்ஸ்டி மினிட்ஸ்' நிகழ்ச்சியில் ஒரு புதிரைப் போட்டது. வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் தாராளமாகச் சாப்பிடும் பிரெஞ்சுக்காரர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருப்பது ஏன்? சாப்பாட்டோடு அவர்கள் குடிக்கும் சிவப்பு ஒயின்தான் காரணம் என்று நிகழ்ச்சி கைகாட்டியது. அதில் தோன்றிய பிரெஞ்சு ஆய்வாளர் செர்ஜ் ரெனோ, மறு ஆண்டே 'லான்செட்' இதழில், ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதை மது தடுக்கிறது என்று எழுதினார். அமெரிக்காவில் சிவப்பு ஒயின் விற்பனை எகிறியது. "தினம் ஒரு கிளாஸ் இதயத்துக்கு நல்லது" என்ற பேச்சு அன்று சூடு பிடித்து, இன்று நம் வாட்ஸ்அப் வரை வந்துவிட்டது. அந்தப் பேச்சில் உள்ள நல்லது பெரும்பாலும் திராட்சைக்குச் சேர வேண்டியது. கெட்டது முழுக்க மதுவுக்குச் சேர வேண்டியது. இரண்டையும் ஒரே புட்டியில் அடைத்து விற்றதால் வந்த குழப்பம் இது.

முதலில், பிரெஞ்சுப் புதிரே அவ்வளவு பெரிய புதிர் அல்ல. 1999-இல் லா, வால்ட் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அதை அலசினார்கள். பிரான்சில் இதய நோய் மரணங்களில் ஒரு பகுதி வேறு காரணங்களின் பெயரில் பதிவாகிறது. தவிர, அங்கே விலங்குக் கொழுப்பு சாப்பிடுவது பிரிட்டனைவிடப் பின்னால்தான் கூடியது. கொழுப்பு ரத்தக் குழாயை அடைக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். கணக்கு இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான் என்றார்கள்.

"அளவாகக் குடிப்பவர்கள், குடிக்காதவர்களைவிட ஆரோக்கியமாக இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றனவே?" என்று கேட்கலாம். சொல்கின்றன. 2024 டிசம்பரில் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் அறிக்கைகூட, அளவாகக் குடிப்பவர்களிடம் மொத்த இறப்பு விகிதம் குறைவு என்றது. பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் அபாயம் கூடுகிறது என்பதையும் அதே அறிக்கை சொன்னது. ஆனால் இத்தகைய ஆய்வுகள் பலவற்றில் 'குடிக்காதவர்' யார் என்று பார்க்க வேண்டும். உடம்பு கெட்டதால் குடியை நிறுத்தியவர்களும் அந்தக் கூட்டத்தில் கலந்துவிடுவார்கள். அளவாக ஒயின் குடிப்பவரோ பெரும்பாலும் வசதியும் படிப்பும் உள்ளவர். நல்ல சாப்பாடு, நல்ல மருத்துவர், நடைப்பயிற்சி எல்லாம் அவருக்கு உண்டு. இந்தக் கலப்பைப் பிரிக்க மரபணு உதவுகிறது. சிலருக்குப் பிறவியிலேயே மது ஒத்துக்கொள்ளாத மரபணு இருக்கும். அவர்கள் குறைவாகவே குடிப்பார்கள். 2014-இல் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவைப் பார்த்தபோது, அப்படிப்பட்டவர்களுக்கே இதய நோய் குறைவாக இருந்தது. 2019-இல் சீனாவில் நடந்த பெரிய ஆய்வு, மது கூடக் கூடப் பக்கவாதமும் கூடுவதைக் காட்டியது. நேரடிச் சோதனை நடத்திப் பார்த்துவிடலாம் என்று அமெரிக்காவில் ஒரு திட்டம் தொடங்கியது; மதுபான நிறுவனங்களின் பணம் அதில் கலந்த விதம் வெளிச்சத்துக்கு வந்ததும், 2018-இல் கைவிட்டார்கள்.

அடுத்த கதாநாயகன் ரெஸ்வெராட்ரால். திராட்சைத் தோலில் உள்ள பொருள் இது. சிவப்பு ஒயினைத் தோலோடு நொதிக்க வைப்பதால் அதில் இறங்குகிறது. கொழுப்புணவு தின்ற எலிகளுக்கு இதைக் கொடுத்தபோது அவை நீண்ட நாள் வாழ்ந்தன என்று 2006-இல் செய்தி வந்ததும் உலகமே குதித்தது. எலிக்குக் கொடுத்தது உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 22 மில்லிகிராம். ஒரு லிட்டர் ஒயினில் இருப்பதோ சில மில்லிகிராம். எடையை வைத்து நேராகக் கணக்குப் போட்டால், 60 கிலோ மனிதர் தினம் நூற்றுக்கணக்கான லிட்டர் குடிக்க வேண்டும்! இதயம் காக்கும் ரெஸ்வெராட்ரால் பற்றி ஏராளமாக எழுதிய கனெக்டிகட் பல்கலைக்கழகப் பேராசிரியர் தீபக் தாஸ், தரவுகளைப் புனைந்ததாக 2012-இல் அப்பல்கலைக்கழகமே அறிவித்தது. 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒயினுக்குப் பேர்போன இத்தாலியின் கியான்டி பகுதியில் 783 முதியவர்களின் சிறுநீரில் இதன் அளவைப் பார்த்து ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்தார்கள். அளவு கூடுதலாக இருந்தவர்களுக்கு இதய நோயோ புற்றுநோயோ மரணமோ குறையவில்லை.

மதுவின் கெடுதலில் இப்படிச் சந்தேகம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988-லேயே மதுபானங்களை, புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான முதல் பிரிவில் வைத்தது. எத்தனால் உடலில் அசெட்டால்டிஹைடாக மாறி மரபணுவைச் சேதப்படுத்துகிறது. 150 மில்லி ஒயினில் சுமார் 14 கிராம் எத்தனால். அது ஒயினா பிராந்தியா என்று கல்லீரல் விசாரிப்பதில்லை.

அப்படியானால் திராட்சை ஜூஸ்? மது இல்லாமல் திராட்சைச் சாற்றைக் கெடாமல் வைக்கும் வழியை 1869-இல் அமெரிக்காவில் தாமஸ் வெல்ச் என்ற பல் மருத்துவர் கண்டார். தேவாலயத்தில் ஒயினுக்குப் பதில் கொடுக்கத்தான். கருஞ்சிவப்புத் திராட்சைச் சாறு ரத்தக் குழாய் விரிவதற்கு உதவுவதாக 1999-இல் ஓர் ஆய்வு சொன்னது. பார்த்தது 15 நோயாளிகளை மட்டுமே. சாற்றில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 15 கிராம் சர்க்கரை இருக்கிறது, குளிர்பானத்தைவிடக் குறைவில்லை. நார்ச்சத்து இல்லாததால் அது வேகமாக ரத்தத்தில் ஏறும். (சர்க்கரை திடீரென இறங்கித் தலைசுற்றும்போது அரை டம்ளர் ஜூஸ் கொடுப்பது இதனால்தான், அங்கே அந்த வேகமே மருந்து.) 2013-இல் வெளியான, அமெரிக்கச் செவிலியர்களையும் மருத்துவப் பணியாளர்களையும் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வில், திராட்சையை முழுப் பழமாகச் சாப்பிட்டவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு குறைவாகவும், பழச்சாறு குடித்தவர்களுக்குச் சற்றே கூடுதலாகவும் இருந்தது. இதுவும் கவனித்துச் சொன்னதே, சோதித்துச் சொன்னதல்ல. ஒயினுக்கு வைத்த சந்தேகத்தை இதற்கும் வைக்கத்தான் வேண்டும். ஆனால் பழத்துக்குப் புற்றுநோய்ப் பழி இல்லை.

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒயினுக்கு நிறம் தருகிற ஆந்தோசயனின் அந்தக் கறுப்புத் தோலிலேயே இருக்கிறது. நன்றாகக் கழுவி, தோலைத் துப்பாமல் ஒரு கைப்பிடி சாப்பிடுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இதுவரை குடிக்காதவர் யாரும் இதயத்தின் பெயரைச் சொல்லி ஒயினைத் தொடங்க வேண்டாம்.