பிரதி இருக்கிறது, திறந்து பார்த்தீர்களா?

மழைக்காலம் வந்துவிட்டால் ஹாலிஎலவிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் மின்சாரம் வருவதும் போவதுமாக இருப்பது நாம் அறிந்ததே. இடி மின்னலுடன் மழை கொட்டும் ஒரு மாலையில் நின்றுபோன வீட்டுக் கணனி மறுநாள் இயங்க மறுக்கலாம். நிகாஹ் படங்கள், மௌத்தான வாப்பாவின் குரற்பதிவு, உயர்தரம் படிக்கும் மகளின் குறிப்புகள், தையல் தொழில் செய்யும் சகோதரியின் கொடுக்கல் வாங்கல் கணக்கு எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. "பேக்கப் எடுத்து வைத்திருக்கிறோமே" என்று ஆறுதல் கொள்கிறோம். அந்தப் பேக்கப்பும் கைகொடுக்காவிட்டால்?

இது வீடுகளுக்கு மட்டும் நேரும் கதியல்ல. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் கணனி வலையமைப்பு ரன்சம்வெயார் தாக்குதலுக்கு இலக்கானது. சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. இணைப்பிலேயே இருந்த பேக்கப்பும் சேர்ந்து பூட்டப்பட்டது. தனியே கழற்றி வைத்த பிரதி இல்லாததால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் இழக்கப்பட்டன. எந்நேரமும் செருகியே இருக்கும் பிரதி, கணனிக்கு வரும் ஆபத்தில் தானும் பங்கு கொள்ளும் என்பதே இதிலுள்ள பாடம். மின்னலுக்கும் இது பொருந்தும்.

இரண்டும் ஒன்றல்ல

சிஸ்டம் ரிஸ்டோர் வேறு, பேக்கப் வேறு. முன்னையது வின்டோஸின் உள்ளமைப்பையும் மென்பொருட்களையும் முந்திய ஒரு நாளின் நிலைக்குக் கொண்டு செல்லும். அழிந்துபோன படத்தையோ கடிதத்தையோ அது மீட்டுத் தராது. அவற்றுக்குப் பேக்கப் ஒன்றே வழி.

பேக்கப் ஏன் தவறுகிறது?

முதற்காரணம் இடமின்மை. அடுத்தது, பல பென் டிரைவ்கள் எப்.ஏ.ரி.32 என்ற முறையில் அமைந்திருப்பது. அதில் 4 ஜிகாபைட்டை எட்டும் தனிக் கோப்பு ஏறாது. நீண்ட திருமண வீடியோ பாதியில் நிற்பது இதனால்தான். எக்ஸ்ஃபெட் முறைக்கு மாற்றினால் ஏறும். ஆனால் மாற்றும்போது உள்ளே இருப்பவை அழியும். முதலில் அவற்றை வேறிடத்தில் பிரதி செய்துகொள்ளுங்கள்.

"டி டிரைவில் போட்டிருக்கிறோம்" என்பாரும் உளர். பெரும்பாலான வீட்டுக் கணனிகளில் சி, டி இரண்டும் ஒரே தட்டின் இரு பகுதிகளே. தட்டுப் பழுதானால் இரண்டும் போகும்.

ரிஸ்டோர் தோல்வியுற்றால்

பதற்றத்தில் திரும்பத் திரும்ப முயல வேண்டாம். கணனியிலிருந்து "டிக் டிக்" என்ற சத்தம் வந்தாலோ கோப்புகள் மறைந்தாலோ உடனே நிறுத்தி, விடயம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

சத்தம் எதுவும் இல்லையெனில் பின்வருமாறு செய்யலாம்.

1. ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து, டிரபிள்ஷூட் வழியாகச் சேஃப் மோடுக்குச் சென்று மீண்டும் முயலுங்கள். வைரஸ் தடுப்பு மென்பொருளின் குறுக்கீடு பெரும்பாலும் அங்கே இராது.

2. பலிக்காவிடில் இன்னும் பழைய திகதியொன்றைத் தெரிவு செய்யுங்கள்.

3. திகதிகளே காட்டப்படாவிட்டால், சிஸ்டம் புரொடெக்ஷன் நிறுத்தப்பட்டிருக்கக் கூடும். இனிமேலாவது அதை இயக்கி வையுங்கள்.

4. கணனி 48 இலக்கப் பிட்லொக்கர் எண்ணைக் கேட்டால், அதில் பயன்படுத்திய மைக்ரோசொஃப்ட் கணக்கில் தேடுங்கள். அதை முன்கூட்டியே தாளில் எழுதி வைப்பது நலம்.

ஒரு எச்சரிக்கை: ரீசெட் செய்கையில் "ரிமூவ் எவ்ரிதிங்" என்பதைத் தொட்டால் உங்கள் கோப்புகள் யாவும் அழிந்துவிடும். "கீப் மை ஃபைல்ஸ்" கோப்புகளை விட்டுவைத்து, நிறுவிய மென்பொருட்களை நீக்கும்.

மூன்று, இரண்டு, ஒன்று

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே. கணனியில் இருப்பது முதலாவது. கழற்றி அலுமாரியில் வைக்கும் வெளித்தட்டு இரண்டாவது. பண்டாரவளையிலோ கொழும்பிலோ உள்ள உறவினரிடம் கொடுத்து வைப்பதோ இணையச் சேமிப்போ மூன்றாவது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன் வீடுகளையே மண் மூடியதைக் கண்டவர்கள் நாம். உயிருக்கு முன்னால் ஆவணம் பெரிதல்ல. எனினும் எஞ்சியோருக்குக் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் தேவைப்படவே செய்யும்.

சகோதரிகளே, மாதத்தில் ஒரு நாளை இதற்கென ஒதுக்குங்கள். பேக்கப்பிலிருந்து ஒரு படம், ஒரு கடிதம், ஒரு குரற்பதிவு ஆகியவற்றை வேறொரு கணனியில் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பிரதி. திறவாவிடில் வெறும் பெட்டி. அதை ஆபத்து வந்த பின்னரா அறிந்துகொள்வது?