தலை வலிக்கவே இல்ல, ஆனா அது மைக்ரேன்: பேலன்ஸ் ஏன் போகுது?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் பர்சனல்.

ரெண்டு வருஷம் முன்னாடி ஆபீஸ்ல காலை மீட்டிங். ஒருத்தர் ஸ்க்ரீன் ஷேர் பண்ணி லாக் ஃபைலை வேகமா ஸ்க்ரோல் பண்ணிட்டு இருந்தார். திடீர்னு என் நாற்காலி இடது பக்கம் சாயுற மாதிரி இருந்தது. டேபிளைக் கெட்டியா பிடிச்சேன். நாற்காலி சாயவே இல்ல. எழுந்து தண்ணி குடிக்கப் போனா, தரை மெத்தை மாதிரி அமுங்குது. கதவு எவ்வளவு தூரத்துல இருக்குன்னு கணக்கு தப்பி, தோளை நிலையில இடிச்சுக்கிட்டேன். இவ்வளவு நடந்தும் தலை வலிக்கவே இல்ல.

அதுக்கப்புறம் மாசத்துக்கு மூணு நாலு தடவை இப்படி வர ஆரம்பிச்சது. "நேரத்துக்குச் சாப்பிடுடா, பித்தம் தலைக்கேறிடுச்சு"ன்னு அம்மா சொன்னாங்க. ஃப்ரெண்ட்ஸ் ஸ்ட்ரெஸ்னு சொன்னாங்க. காது டெஸ்ட் நார்மல், எம்.ஆர்.ஐ. நார்மல், ரத்தப் பரிசோதனையும் நார்மல். டெஸ்ட் எல்லாம் பாஸ், ப்ரொடக்‌ஷன்ல மட்டும் கிராஷ். ஒரு கட்டத்துல நானே கற்பனை பண்ணிக்கிறேனோன்னு சந்தேகம் வந்துடுச்சு. பைக் சாவியைத் தம்பிகிட்ட கொடுத்துட்டேன்.

கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்த நரம்பியல் டாக்டர் கேட்ட கேள்விகள் வேற மாதிரி இருந்தது. "தம்பி, சின்ன வயசுல பஸ்ல போனா வாந்தி எடுப்பீங்களா? வெயில்ல அலைஞ்சா ஒரு பக்கமா தலை விண்ணு விண்ணுனு தெறிக்குமா? வீட்ல வேற யாருக்காவது ஒற்றைத் தலைவலி உண்டா?" மூணுக்கும் ஆமா. அன்னைக்குத்தான் 'வெஸ்டிபுலர் மைக்ரேன்'ங்கிற பேரையே முதல்முறையா கேட்டேன்.

நாம எப்படி நேரா நிக்கிறோம்?

உங்க போன்ல ஜைராஸ்கோப்னு ஒரு சென்சார், ஆக்ஸிலரோமீட்டர்னு ஒரு சென்சார் இருக்கு இல்லையா? உங்க காதுக்குள்ளயும் அதே மாதிரி செட்டப் இருக்கு. ஒவ்வொரு உள்காதுலயும் 3 அரைவட்டக் குழாய்கள். தலை சுழலுறதை இவை கண்டுபிடிக்கும். கூடவே, மேல நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் ஒட்டியிருக்கிற 2 சின்ன உறுப்புகள். நேர்கோட்டு அசைவையும் புவியீர்ப்பு எந்தப் பக்கம்ங்கிறதையும் இவை சொல்லும்.

இது ஒரு இன்புட். ரெண்டாவது கண். மூணாவது, பாதம், மூட்டு, கழுத்துத் தசையிலிருந்து வர்ற தகவல். மூளை இந்த மூணையும் சேர்த்து, "நான் இங்க இருக்கேன், நேரா இருக்கேன்"னு ஒரே பதிலைத் தரும். நாம இதை சென்சார் ஃப்யூஷன்னு சொல்லுவோம்.

ஒரு சின்ன சோதனை. வண்டி ஓட்டிக்கிட்டு கேக்குறவங்க வேண்டாம். கைல இருக்கிற போன்ல ஒரு வரியைப் படிங்க. இப்போ போனை அசைக்காம, தலையை மட்டும் இடமும் வலமும் வேகமா ஆட்டிக்கிட்டே படிங்க. படிக்க முடியும். அடுத்து தலையை அசைக்காம, போனை அதே வேகத்துல ஆட்டுங்க. எழுத்து மங்கிடும். முதல் கேஸ்ல உள்காது கண்ணுக்கு சிக்னல் அனுப்பி, சுமார் 10 மில்லி செகண்ட்ல எதிர்ப்பக்கம் திருப்பிடுது. ரெண்டாவது கேஸ்ல கண் தானாகவே துரத்தணும், அது மெதுவான வழி.

மைக்ரேன் எங்க குறுக்க வருது?

மைக்ரேன்னாலே தலைவலின்னு நினைக்கிறோம். அது மூளை புலன் தகவல்களைக் கையாளுற விதத்துல வர்ற கோளாறு. வெளிச்சம் கண்ணைக் குத்தும், சத்தம் அடிக்கும், வாசனை குமட்டும். அசைவும் ஒரு புலன் தகவல்தான். அதுவும் அப்படியே பெருசாகும்.

இதுக்கு வயரிங்கும் இருக்கு. மைக்ரேன் வலியைக் கொண்டுபோற முப்பெருநரம்போட நரம்பு முடிச்சுகளும், பேலன்ஸ் சிக்னல் வந்து சேர்ற முடிச்சுகளும் மூளைத்தண்டுல பக்கத்துப் பக்கத்துல, ஒண்ணோட ஒண்ணு இணைஞ்சிருக்கு. உள்காதோட ரத்தக்குழாய்களுக்கும் அதே முப்பெருநரம்போட கிளை போகுது. ஒரு பக்கம் தட்டினா இன்னொரு பக்கம் அதிரும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆராய்ச்சி ஒண்ணு இருக்கு. வெஸ்டிபுலர் மைக்ரேன் இருக்கிறவங்களை ஒரு நாற்காலியில உட்கார வெச்சு, இருட்டுல மெதுவா சாய்ச்சுப் பார்த்தாங்க. மத்தவங்களுக்குத் தெரியாத அளவு சின்னச் சாய்வைக்கூட இவங்க கண்டுபிடிச்சாங்க. சென்சார் செத்துப்போகல, வால்யூம் ஏறிக்கிடக்கு. என் காது டெஸ்ட் ஏன் நார்மலா வந்ததுன்னு அப்போதான் புரிஞ்சது.

இன்னொரு சிக்கல், இந்த நிலைமையில பலரோட மூளை கண்ணை அளவுக்கு மீறி நம்ப ஆரம்பிச்சிடுது. அதனாலதான் ஸ்க்ரோல் ஆகுற ஸ்க்ரீன், சூப்பர் மார்க்கெட்ல ரெண்டு பக்கமும் அடுக்கின அலமாரி, கோடு போட்ட டைல்ஸ், எதிர்ல நகர்ற மெட்ரோ எல்லாம் ஆளைத் தள்ளுது.

சிலருக்கு இடத்தோட அளவே மாறும். அறை நீண்டு போற மாதிரி, கை பெருசான மாதிரி தெரியும். 1955-ல ஜான் டாட்ங்கிற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் இதுக்கு 'ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட் சிண்ட்ரோம்'னு பேர் வெச்சார். மைக்ரேன் இருக்கிறவங்ககிட்ட இது வர்றது மருத்துவ உலகத்துக்குப் பழைய செய்தி. உங்களுக்கு நடந்தா, பைத்தியம் பிடிச்சிடுச்சோன்னு பயந்து மறைக்காம டாக்டர்கிட்ட சொல்லுங்க.

எப்படி உறுதி பண்றாங்க?

இதுக்குன்னு தனியா ஒரு ஸ்கேனோ ரத்த டெஸ்ட்டோ கிடையாது. பாராணி சொசைட்டியும் சர்வதேசத் தலைவலிச் சங்கமும் 2012-ல ஒரு வரையறை கொடுத்தாங்க. குறைஞ்சது 5 தடவை, நடுத்தரமாவோ கடுமையாவோ தலைசுத்தல் வந்திருக்கணும். ஒவ்வொண்ணும 5 நிமிஷத்துலேருந்து 72 மணி நேரம் வரைக்கும் இருக்கலாம். இப்பவோ முன்னாடியோ மைக்ரேன் இருந்திருக்கணும். பாதித் தடவையாவது மைக்ரேன் அடையாளம் ஏதாவது கூட வரணும்: மைக்ரேன் மாதிரித் தலைவலி, இல்ல வெளிச்சமும் சத்தமும் தாங்க முடியாம போறது, இல்ல கண்ணுல மின்னல் கோடுகள். வேற நோய் காரணமா இருக்கக் கூடாது. கவனிச்சீங்களா, தலைவலி கட்டாயம் இல்ல.

மத்ததோட குழப்பிக்காதீங்க. படுக்கையில புரளும்போது மட்டும் ஒரு நிமிஷத்துக்குள்ள சுத்தி நின்னா, காதுப் படிகம் இடம் மாறியிருக்கலாம். அதைத் தலையைத் திருப்பிச் செய்ற ஒரு முறையிலேயே டாக்டர் சரி பண்ணுவார். காது அடைப்பு, இரைச்சல், கேக்குற திறன் குறையறது கூட வந்தா மெனியர் நோயான்னு பார்ப்பாங்க.

ஒண்ணு முக்கியம். திடீர்னு சுத்தலோட பேச்சு குழறினா, ரெட்டையா தெரிஞ்சா, முகம் கோணினா, ஒரு பக்கம் கை கால் வலுவிழந்தா, நிக்கவே முடியலைன்னா, இதுவரை வராத அளவு தலைவலி வெடிச்சா, இந்த எபிசோடை மறந்துட்டு 108-க்குக் கூப்பிடுங்க. பக்கவாதமா இருக்கலாம்.

எனக்கு உதவினது

நான் டாக்டர் இல்ல, மருந்து பேர் சொல்ல மாட்டேன். என் டாக்டர் வராம தடுக்கிற மாத்திரை கொடுத்தார், பேலன்ஸ் பயிற்சிக்கு பிசியோதெரபிஸ்ட்கிட்ட அனுப்பினார். வலி மாத்திரையை இஷ்டத்துக்குப் போடாதீங்கன்னு எச்சரிச்சார். சாதாரண வலி மாத்திரை மாசத்துல 15 நாள், சில வகை 10 நாள்னு தொடர்ந்து போட்டா அதுவே தலைவலியை உண்டாக்கலாம்.

நான் பண்ணினது ஒரு ஸ்ப்ரெட்ஷீட். எப்போ வந்தது, எவ்வளவு நேரம், எவ்வளவு தூங்கினேன், என்ன சாப்பிட்டேன். மூணு மாசத்துல பேட்டர்ன் தெரிஞ்சது. ரிலீஸ் வாரம், நடுராத்திரி வரை முழிப்பு, காலைல டிபன் கட். நேரத்துக்குச் சாப்பிடச் சொன்ன அம்மா கரெக்ட்தான், காரணம் மட்டும் பித்தம் இல்ல.

கடைசியா ஒரு டிப். டாக்டர்கிட்ட "தலை சுத்துது"ன்னு மட்டும் நிறுத்தாதீங்க. அறை சுத்துதா, நீங்க சுத்துறீங்களா, தள்ளாடுதா, கண் இருட்டி மயக்கம் வருதா, எவ்வளவு நேரம், கூட வெளிச்சம் கூசுதா, இதையெல்லாம் சொல்லுங்க. எனக்கு ஒரு வருஷம் போனது இந்த விவரம் இல்லாமதான்.

பைக் சாவி திரும்ப என்கிட்ட வந்துடுச்சு. அட்டாக் வர்ற நாள்ல மட்டும் பஸ், அதுவும் ஜன்னல் சீட், போன் பாக்கெட்லேயே இருக்கும். அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே, டேக் கேர்.