கட்டை விரல் அடியில் வீக்கமா? சுளுக்குன்னு உருவி விடாதீங்க!

2019 உலகக்கோப்பை ஞாபகம் இருக்கா? ஜூன் 9 அன்று லண்டன் ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஷிகர் தவான் 117 ரன் குவித்தார். நடுவில் ஒரு பந்து அவரது இடது கட்டை விரலைப் பதம் பார்த்தது. வலியோடுதான் ஆடினார், ஃபீல்டிங்குக்கு மட்டும் வரவில்லை. முதலில் லேசான விரிசல் என்றுதான் பேச்சு. சீக்கிரம் சரியாகிவிடும் என்று அணியோடவே வைத்திருந்தார்கள். பத்தாவது நாள் பிசிசிஐ அறிக்கை வந்தது. இடது கையின் முதல் மெட்டாகார்பல் எலும்பு அடிப்பகுதியில் முறிவு, ஜூலை நடுப்பகுதி வரை கட்டு. அவ்வளவுதான், தொடரை விட்டே வெளியேறினார் தவான்.

ஒரு விரலுக்கு இவ்வளவு நாளா?

கட்டை விரல் மணிக்கட்டோடு சேரும் இடத்தில், குதிரை முதுகில் சேணம் உட்கார்ந்த மாதிரி ஒரு மூட்டு இருக்கிறது. பேனா பிடிப்பது, சட்டைப் பொத்தான் போடுவது, சாவி திருகுவது எல்லாமே அதன் தயவில்தான்.

இங்கே ஏற்படும் முறிவில் ஒரு வகைக்கு 'பென்னட் முறிவு' என்று பெயர். டப்ளின் மருத்துவர் எட்வர்ட் ஹல்லரன் பென்னட் 1882-ல் இதை விவரித்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கவே இன்னும் 13 வருஷம் இருந்த காலம் அது! இதில் எலும்பின் ஒரு சின்னத் துண்டு மட்டும் தசைநாரோடு ஒட்டிக்கொண்டு அதே இடத்தில் நிற்கும். மீதி எலும்பை, விரலை விரிக்கும் தசை மேல்பக்கமாக இழுத்துக்கொண்டு போய்விடும். மாவுக்கட்டு போட்டாலும் உள்ளே இழுப்பு நிற்காது என்பதுதான் சிக்கல். அதனால் பெரும்பாலும் மெல்லிய கம்பி செருகி நிறுத்துகிறார்கள்.

அடிப்பகுதி மூன்று துண்டாகவோ அதற்கு மேலோ சிதறினால் அது 'ரொலாண்டோ முறிவு'. இது இன்னும் அரிது, சேர்ப்பதும் கஷ்டம். எலும்பு உடையாமல் மூட்டு மட்டும் விலகுவது அதைவிட அபூர்வம். தள்ளினால் எளிதில் உள்ளே போய்விடும், அதே வேகத்தில் வெளியேயும் வந்துவிடும்.

இதற்கு கிரிக்கெட் பந்துதான் வேண்டும் என்றில்லை. துவரங்குறிச்சி வழியாகப் போகும் திருச்சி - மதுரை நான்கு வழிச்சாலையில் பைக் சறுக்கினால் போதும். ஹேண்டில்பாரைப் பிடித்த பிடியோடு விழும்போது முழு வேகமும் கட்டை விரல் அடியில் இறங்கும். மாடு பிடிக்கையில் விரல் மடங்குவதும் அப்படித்தான். மருங்காபுரி, மணப்பாறை பக்கம் ரெண்டுக்கும் பஞ்சமில்லை.

விழுந்தவர் எழுந்து நடப்பார், விரலும் கொஞ்சம் அசையும். உடனே 'சுளுக்குதான்' என்று எண்ணெய் போட்டு உருவி விடுவார்கள். அசைவதால் முறிவு இல்லை என்று அர்த்தமில்லை. உருவினால் துண்டு இன்னும் விலகும். ரெண்டு மூணு வாரம் போனால் கோணலாகவே ஒட்டத் தொடங்கும். பிறகு பிடி தளரும், மூட்டு சீக்கிரமே தேய்ந்து வலிக்கும்.

செய்ய வேண்டியது என்ன?

மோதிரம் இருந்தால் வீங்கும் முன்பே கழற்றிவிடுங்கள். ஐஸை துணியில் சுற்றி வைத்து, அட்டையோ ஸ்கேலோ வைத்து அசையாமல் கட்டி, கையை உயர்த்தியபடி அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எக்ஸ்ரே எடுக்கும்போது 'கட்டை விரலுக்குத் தனியா எடுங்க' என்று சொல்வது நல்லது. மற்ற நான்கு விரல்களுக்குப் பக்கவாட்டாகத் திரும்பி இருப்பதால், கைக்கு எடுக்கும் சாதாரண படத்தில் இந்த மூட்டு சரியாகத் தெரியாமல் போகலாம்.

அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் எலும்பு முறிவுப் பிரிவு உண்டு. சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம்.

கம்பியோ கட்டோ பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரம் இருக்கும். எடுத்த பிறகு விரல் விறைப்பாகத்தான் இருக்கும், பயிற்சி செய்யச் செய்யத்தான் இளகும். அதுவரை பைக்கை வேறு யாராவது ஓட்டட்டும்.